பொம்பிளைக் காரின் கண்ணாடி ரப்பர்

கதிர்காமநாதன் சாரதி ஆசனத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விரலிடுக்குகளால் தண்ணீர் பொங்கி வந்தது.

"கமலா! இஞ்ச ஓடி வா!"

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அவர் மனைவி கமலாட்சி ரீச்சர் குசினியிலிருந்து வந்தார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"பார். மழை வெளியிலதானே பெய்தது? தண்ணி எப்படி உள்ளுக்கு நிக்குது?"

ரீச்சர் ஆசனத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"துவாயால ஒத்தி விடுங்கோ. காய்ஞ்சிடும்."

"கார்த்திகை மாதத்தில எதில காயப்போடுறது? இண்டைக்குக் கலியாணப் பொம்பிளை ஏறப்போற கார் இது!"

அதுதான் விசயம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அவரோடு பதினெட்டு வருடம் வேலை செய்த அந்தோனிமுத்துவின் மகள் ஜெயரூபினிக்கு இன்று மூன்று மணிக்கு முல்லைத்தீவில் கலியாணம். பதினாலு வயதில் அந்தப் பிள்ளை இந்தச் சிவப்புக் காரைத் தடவிப் பார்த்து, "நாதன் மாமா, நான் கலியாணத்துக்குக் கோயிலுக்கு இதிலதான் போவன்" என்று சொன்னது. நாதன் மாமா கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. குனிந்து, மடிந்து, ஒரு பெருமூச்சோடு ஏற வேண்டும். பரந்தனில் இதைப்போல் இன்னொன்று இல்லை. நூற்றியெண்பதில் ஓடக்கூடிய அந்தக் காரை, வாங்கிய பன்னிரண்டு வருடத்தில் கதிர்காமநாதன் முப்பத்தைந்துக்கு மேல் ஓட்டியதில்லை. கதவைச் சாத்துவதற்குக்கூட மனைவியை விடமாட்டார். அவரே சுற்றி வந்து, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோலச் சாத்துவார்.

நேற்று முழுநாளும் அவர் வவுனியாவில். கலியாணத்துக்குப் பட்டு வேட்டி வாங்கப் போய், மழையில் மாட்டுப்பட்டு, கடைசி பஸ்ஸில்தான் திரும்பியிருந்தார். அதற்குள் இப்படி.

"கண்ணாடி ரப்பர் பழுதாப்போச்சு," என்று தீர்ப்புச் சொன்னார். "கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில இருக்கிற ரப்பர் இறுகிப்போச்சு. தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தால அடிச்ச சாரல் அதுக்குள்ளாலதான் வந்திருக்கு."

"ரப்பராலதான் எண்டு எப்படித் தெரியும்?"

"வேற எதால வரும்? நீ வாளியால ஊத்தினனியோ?"

ரீச்சர் கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிடத் தொடங்கினார்.

புது ரப்பர் கையிலேயே இருந்தது. போன வருடம் கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பித்து அலுமாரிக்குள் வைத்திருந்தார். மணி ஏழரை. பதினொன்றரைக்கு வெளிக்கிட்டால் அவருடைய வேகத்துக்கு இரண்டு மணிக்குப் பொம்பிளை வீட்டில் நிற்கலாம். நாலு மணித்தியாலம். ஒரு ரப்பருக்கு அது தாராளம்.

பழைய ரப்பரைக் கத்தியால் நெம்பினார். அது வர மாட்டேன் என்றது. இழுத்தார். மெத்தென்று நீண்டு, துண்டு துண்டாக வந்தது.

"நல்ல மெதுவாத்தானே இருக்கு," என்றார் ரீச்சர்.

"வெளியில பார்த்தால் அப்படித்தான். பழுது உள்ளுக்குள்ள."

உள்ளே போக வேண்டுமென்றால் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். கழற்றினார். படக், படக், படக் என்று மூன்று பிளாஸ்ரிக் கொளுக்கிகள் முறிந்தன. புது ரப்பரை வைத்து அழுத்திவிட்டுக் கண்ணாடியை உயர்த்தும் கைபிடியைச் சுற்றினார். கண்ணாடி பாதியில் நின்றது. ரப்பர் தடிப்பு.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லட்டே..."

"பொறு கமலா, வருகுது." இரண்டு கையாலும் சுற்றினார். கைபிடி கையோடு வந்தது. கதவின் வயிற்றுக்குள் ஏதோ தடாரென்று விழுந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடி இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அந்தோனிமுத்து.

"மச்சான், எல்லாம் ஓகேதானே? பிள்ளை விடியத் தொடக்கம் காரைப் பற்றித்தான் கதைக்குது."

"ஓகே, ஓகே. துடைச்சுக்கொண்டு நிக்கிறன்."

போனை வைத்துவிட்டுக் கதவுக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. கண்ணாடி விரல் நுனியில் தட்டுப்பட்டது, பிடிபடவில்லை. கையை வெளியே எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அதுவும் ரீச்சர் தேங்காயெண்ணெய் பூசிய பிறகுதான்.

சந்தியில் ஓட்டோ திருத்துகிற சுகிர்தனை வரச் சொல்ல வேண்டியதாயிற்று. சுகிர்தன் வந்து, காரை ஒரு தரம் சுற்றிப் பார்த்தான்.

"கார் எண்டாலும் ஓட்டோ எண்டாலும் ரப்பர் ரப்பர்தானே அண்ணை."

"ஓட்டோவுக்குக் கதவுக் கண்ணாடியே இல்லையே சுகிர்தன்."

"அதாலதான் அண்ணை, நான் செய்த ஓட்டோவில கண்ணாடியால தண்ணி வந்தது எண்டு இண்டுவரைக்கும் ஒரு முறைப்பாடு வரேல்ல."

கம்பியை வளைத்து, ஒன்றரை மணித்தியாலம் துழாவி, கண்ணாடியை மேலே கொண்டு வந்தான். ரப்பருக்குச் சவுக்காரத் தண்ணி அடித்தான். கண்ணாடி உச்சிக்குப் போய் நின்றது. கதிர்காமநாதனுக்குக் கண் கலங்கியது.

"வலு கெட்டிக்காரன் நீ."

"இப்ப கதவைச் சாத்திப் பாருங்கோ அண்ணை."

அவர் தொட்டில் பிள்ளையைப்போலச் சாத்தினார். கதவு திரும்பி வந்தது. கொஞ்சம் அமத்திச் சாத்தினார். திரும்பி வந்தது. புது ரப்பரின் தடிப்பு கதவைத் தள்ளியது.

மணி பதினொன்று இருபது. மேற்கே முகில் கறுத்து வந்தது.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு இடி இடிப்பம்," என்றான் சுகிர்தன்.

"இது கதவு தம்பி, மதில் இல்லை!"

"வேற வழி இல்லை அண்ணை."

இரண்டு பேரும் தோளைக் கொடுத்தார்கள். டமார். பூட்டிக்கொண்டது. கதிர்காமநாதன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, மெதுவாகத் திறந்து பார்க்க வெளிப்பிடியை இழுத்தார். பிடி தளர்ந்து வந்தது. உள்ளே ஏதோ கழன்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. மற்றப் பக்கத்தால் சுகிர்தன் ஏறி உள்ளேயிருந்து தள்ளினான். உதைத்தான். அசையவில்லை.

போன் அடித்தது.

"வெளிக்கிட்டாச்சோ மச்சான்?"

"ஓம்... ஓம்." அவர் முற்றத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தர்மபுரம் தாண்டிட்டன்."

"அப்ப நல்லது. இஞ்ச பார், அக்கா அற்புதம் கலியாணக் கேக்கோட உடையார்கட்டுச் சந்தியில வந்து நிக்கிறா. அவாவை ஏத்த ஓட்டோ ஒண்டு ஒழுங்கு செய்தனான், வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன். நீ ஏத்திக்கொண்டு வா."

"இல்லை, அந்தோனி, அது..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

கதிர்காமநாதன் அப்படியே நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் ஒரு வாய்க்கால் அளவைக்கூடக் கூட்டி எழுதாதவர். இப்போது ஒரு வயதுபோன பெண்ணை, மூன்று தட்டுக் கேக்கோடு, நடுச்சந்தியில் நிற்க வைத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ," என்றார் ரீச்சர். அவருடைய முகம் வெளிறியிருந்தது. "இதுக்கு மேல என்னால பார்த்துக்கொண்டு நிக்கேலாது. நேற்று..."

"கமலா, இப்ப ஒண்டும் கதைக்காத! போய்ச் சீலையை மாத்து!"

சுகிர்தன் தொழில் பக்தி உள்ளவன். வேலையைச் சோதிக்காமல் போகமாட்டான். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கண்ணாடியில் வீசினான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, ரப்பரின் கீழ் மூலையால் தண்ணீர் ஒரு நூல்போல இறங்கியது. நூல் கயிறானது. கயிறு நேரே ஆசனத்தில் விழுந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை," சுகிர்தன் பார்சல் உறையை எடுத்து வாசித்தான். "இது வேற காரின்ர ரப்பர் போல கிடக்கு."

பழைய ரப்பர் முற்றத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. கோழி ஒன்று அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

வானம் ஒருமுறை முழங்கியது. கதிர்காமநாதன் ஓடிப்போய்ப் பின்வளவிலிருந்து உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீன் ஒன்றைக் கொண்டு வந்தார். சுகிர்தன் அதைக் கண்ணாடிக்கு மேலால் கூரை வரைக்கும் விரித்து, ஒட்டுநாடாவால் சுற்றிச் சுற்றி ஒட்டினான். வெளியேயிருந்து பார்க்க, பல்வலிக்காரன் தாடையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோலக் கார் நின்றது.

"மற்றப் பக்கம் வடிவாத்தானே இருக்கு அண்ணை. படம் எடுக்கிறவனை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்கோ."

பன்னிரண்டு பத்து. கதிர்காமநாதன் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு இடப்பக்கக் கதவால் நுழைந்தார். கியரைத் தாண்டும்போது வேட்டி அதில் கொழுவிக்கொண்டது. சுகிர்தன் பின்னால் தள்ள, தலை முன்கண்ணாடியில் இடிபட, ஒருவாறு சாரதி ஆசனத்தில் போய் விழுந்தார். நனைந்த பஞ்சு அவரை அன்போடு ஏற்றுக்கொண்டது. குளிர் முதுகுவரை ஏறியது.

ரீச்சர் பக்கத்தில் ஏறினார். இந்த முறை கதவைச் சாத்தக் கதிர்காமநாதன் சுற்றி வரவில்லை. வரவும் முடியாது.

"நீங்கள் ஒருக்காலும் என்னை மன்னிக்கமாட்டியள்," என்றார் ரீச்சர் மெல்ல.

"நீ என்ன செய்தனி? எல்லாம் இந்த ரப்பர் செய்த வேலை." பரபரப்பிலும் அவருக்கு மனைவிமேல் இரக்கம் வந்தது. விடியத் தொடக்கம் சாப்பிடாமல் பக்கத்திலேயே நின்ற மனுசி. "அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்குக் கமலா. இண்டைக்கு அம்பதில ஓட்டப்போறன்."

சொல்லிவிட்டுச் சுக்கானை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார்.

ரோட்டுக்கு ஏறினார்கள். முதல் துளிகள் பொலித்தீனில் பறையடித்தன. அப்போதுதான் பெற்றோல் முள்ளைக் கண்டார். அது சிவப்புக்குக் கீழே படுத்திருந்தது.

"இதென்ன கொடுமை! போன கிழமைதானே நிரப்பினனான். நிண்ட இடத்தில நிண்டு குடிக்குதோ?"

"விசுவமடுவில அடிப்பம்," என்றார் ரீச்சர் அவசரமாக.

"அவ்வளவு தூரம் போகாது."

"இந்தப் பெற்றோல் செட்டில சனமாக் கிடக்குமப்பா."

செட்டில் ஒரேயொரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதுவும் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் காரைத் திருப்பினார். மனைவி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. போன் மறுபடி அடித்தது. அற்புதமாக இருக்கும். அவர் அதை எடுக்கவில்லை.

பெற்றோல் அடிக்கிற லக்ஷன் காரைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி ஓடி வந்தான். வழக்கம்போலச் சாரதிப் பக்கம் வந்து குனிந்தான். பொலித்தீனுக்குப் பின்னால் மீசையோடு ஒரு முகம் மங்கலாகத் தெரியவே திகைத்து, முன்பக்கத்தால் சுற்றி மற்றப் பக்கம் வந்தான்.

"என்ன ரீச்சர், இண்டைக்கு இந்தப் பக்கத்தில இருக்கிறியள்? நேற்று அந்தப் பேய் மழைக்குள்ள கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டு நூற்றி இருபதில ஆனையிறவுக்குப் பறந்தியளே, அப்பவே நினைச்சனான், உங்களுக்கு ஒரு நாளைக்குத் தடிமன் பிடிக்கும் எண்டு!"