பொன்னி அத்தையின் மீசை

குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவன் வாசகர்களின் வீட்டுப் பக்கம் போகவே கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகைக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். புனைபெயர், பொன்னி அத்தை. என் சொந்தப் பெயரைப் பார்த்தால் பாடம் நடத்துகிற வாத்தியார் ஞாபகம் வருகிறதாம். பத்திரிகை முதலாளி சொன்னார். அத்தை என்றால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டத்தான் செய்தன. மலாய் நாட்டிலிருந்தெல்லாம் "அன்புள்ள அத்தைக்கு" என்று கடிதம் வரும். அத்தையாகவே பதில் எழுதிப் போடுவேன். (கொஞ்சம் குழைந்தே எழுதுவேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

அங்கே கிள்ளானில் புத்தகக் கடை வைத்திருந்த வேலாயுதம் ஒருமுறை அத்தைக்கு அழைப்பு அனுப்பினார். கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், காஜாங் என்று ஊர் ஊராகக் கதை சொல்ல வேண்டும், புத்தகமும் விற்கும் என்றார். அத்தை ஆண்பிள்ளை என்பதை நேரில் போய்ச் சொன்னால் எல்லோரும் ரசித்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. முறுக்கு மீசை வேறு. புத்தியைத் தவிர எல்லாம் வளர்ந்திருந்தது.

கப்பலை விட்டு இறங்கினால், துறைமுகத்தில் வேலாயுதம் மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி சிவகாமி, கையில் ஆரத்தித் தட்டு. பின்னால் ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி கையில் பட்டுச் சேலை, இன்னொருத்தி கையில் பந்து பந்தாக மல்லிகைப் பூ.

"வாங்கய்யா. அத்தை பின்னால வராங்களா?" என்றார் வேலாயுதம்.

"நான்தாங்க அத்தை" என்றேன், சிரித்துக்கொண்டே.

ஒருவரும் சிரிக்கவில்லை.

சிவகாமி தட்டைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். "இப்ப சுத்துறதா, வேணாமா?" என்று புருஷனைக் கேட்டார். "கரைச்சது கரைச்சாச்சு, சுத்தும்மா" என்றார் அவர். சுற்றினார்கள். பட்டுச் சேலையை மட்டும் யாரோ சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

கார் ஏறிய பிறகுதான் விஷயம் முழுசாக வெளியே வந்தது. அவர்கள் மகள் தங்கத்துக்கு ஆறு வயது. மறுநாள் காதுகுத்து. ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் பிள்ளை ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டதாம். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவதுதான் முறை. சிவகாமியின் ஒரே தம்பியோ தஞ்சாவூரில்.

"உங்க கதையைப் படிச்சுக் காட்டினதுக்குப் பொறவுதான் சரின்னா" என்றார் சிவகாமி. "அதுல யானைக்குட்டி அத்தை மடியில உக்காந்துதானே காது குத்திக்கும்? அத்தை வந்தா நானும் உக்காருறேன்னுட்டா. ஊரையே கூப்பிட்டாச்சுங்க."

கதையில் மாமன் என்று எழுதியிருந்தால் என் புனைபெயருக்கு வேலை இருக்காதே என்று அத்தையைப் புகுத்தியவன் நான்தான். (முறை தெரியாமல் இல்லை. விளம்பர ஆசை.)

வேலாயுதம் என் மீசையை வெகுநேரம் பார்த்தார். "அதை எடுத்துட்டா..." என்று இழுத்தார்.

"எடுத்துட்டா மட்டும்? தொண்டை இருக்கே, லோரி மாதிரி" என்றார் சிவகாமி. அத்தோடு அந்த யோசனை செத்தது.

மறுநாள் காலை வீடு கொள்ளாத கூட்டம். தங்கம் புதுப் பாவாடை கட்டி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல எனக்கு ஆயிரம் வழி தெரியும், தொழிலே அதுதானே. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"தங்கம், அந்தக் கதையை எழுதினது நான்தாம்மா. அத்தைன்னு யாரும் கிடையாது."

உதடு துடித்தது. கண் ரம்புத்தான் மரத்துப் பக்கம் போனது. நான் எழுதிய அத்தனை கதைகளையும் அந்த நிமிஷம் அடுப்பில் போட்டிருப்பேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அவள் போகவில்லை. "யானைக்குட்டி பேரு என்ன?" என்றாள், போலீஸ்காரர் மாதிரி.

"குண்டுமணி."

"காது குத்துறப்ப அது என்ன செஞ்சிச்சு?"

"கண்ணை மூடிக்கிட்டு வாழைப்பழத்தை நினைச்சுது. பழத்தை உரிச்சு முடிக்கிறதுக்குள்ள காது குத்தி முடிஞ்சிருச்சு."

பிறகு அம்மாவிடம் திரும்பி, "இவங்கதாம்மா அது. ஆம்பளையா இருக்கிறதால மாமா. மாமா மடியில உக்காரலாமில்ல?" என்றாள்.

சிவகாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உக்காரு தாயி. என் தம்பி வந்துட்டான்னே நெனைச்சுக்கிறேன்" என்றார். கூடப்பிறந்தவர்கள் இல்லாதவன் நான். கடல் தாண்டி வந்து ஓர் அக்கா கிடைத்தது அன்றுதான்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். நகைப் பத்தர் கம்பியை எடுத்தார். எனக்கு ஊசி என்றாலே ஆகாது என்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. (எந்தத் தாய்மாமன் சொல்வான்?) கம்பி தங்கத்தின் காதைத் தொட்டதும் "ஐயோ அம்மா!" என்று வீடே அதிர ஓர் அலறல். தங்கம் அல்ல, நான். பத்தர் பயந்துபோய்த் தன் விரலில் குத்திக்கொண்டார்.

தங்கம் மடியில் இருந்தபடியே திரும்பி என் கன்னத்தைத் தட்டினாள். "பயப்படாதீங்க மாமா. கண்ணை மூடிக்குங்க. வாழைப்பழத்தை நெனைச்சுக்குங்க."

மூடினேன். திறந்தபோது தரையில் கிடந்தேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தங்கம் இரண்டு காதிலும் தோட்டோடு எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

சேதி எனக்கு முன்னாலேயே ரயில் ஏறிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் மேடை ஏறினால், மேஜைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம். செந்தூலிலும் அப்படியே. காஜாங்கில் முழுத் தாரையே தொங்கவிட்டிருந்தார்கள். புத்தகங்கள் என்னவோ ஒன்று விடாமல் விற்றுப்போயின.

ஊர் திரும்பியதும் புனைபெயரை விட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் அது என்னை விடவில்லை. கோபம் வந்தால் என் மனைவி, "அத்தைக்குச் சோறு போடலாமா?" என்றுதான் கேட்பாள். பல் பிடுங்கப் போனால் பிள்ளைகள் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தனுப்புகிறார்கள்.

யுத்தமெல்லாம் ஓய்ந்து வெகுகாலம் கழித்து, போன மாதம் தங்கம் கைக்குழந்தையோடு சென்னைக்கு வந்தாள். மகளுக்குக் காது குத்த வேண்டும், அதுவும் என் மடியில்தான் என்றாள். மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே?

பத்தர் வந்து உட்கார்ந்து, "புள்ளையைக் கெட்டியாப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

"புள்ளை பரவால்லங்க. மாமாவைப் பிடிக்க ரெண்டு பேரு வாங்க" என்றாள் தங்கம்.