கேக்குதுங்க, ஐயா!

காது கேட்காதவர்களைக் கேலி செய்வது பாவம். இங்கே சொல்லப்போவது வேறோர் இனம்: காதில் விழாததை விழுந்ததாகச் சொல்லித் தலையாட்டும் இனம். கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடைப் பேச்சில் ஒரு சொல்லும் எட்டாமல், மற்றவர்கள் கைதட்டும்போது அவர்களைவிட ஒரு தட்டு அதிகமாகத் தட்டுபவர். சம்பந்தி வீட்டார் என்ன கேட்டார்கள் என்று தெரியாமலே "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர். துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னதும் கலகலவென்று சிரித்து, துரை சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அந்தச் சிரிப்பை அப்படியே இருமலாக மாற்றுபவர். இவர்கள் இல்லாத ஊர் உண்டா? ஆனால் மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் இவர்களுக்குப் பரீட்சையே வைத்தார்கள்.

லீவில் சீமைக்குப் போன துரை, அங்கே இரைச்சலுக்கு நடுவே வேலை செய்கிறவர்களின் காதைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார். நம்முடைய ஃபாக்டரியில் மட்டும் இரைச்சல் குறைவா? ரோலர் அறை ஆட்கள் எல்லோரும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் அறிவித்தார்கள்.

செல்லசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொழுந்தைச் சுருட்டும் அந்த ரோலர்கள் சுற்ற ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாயசைவுதான் மிஞ்சும். அங்கே பல வருஷம் நின்றவர் அவர். உதட்டையும் முகத்தையும் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரி ஓய்ந்துவிடும். அவர் காதுக்குள் இருக்கும் ரோலர் ஓயாது.

"செவிடுன்னு தெரிஞ்சா பேர வெட்டித் திரும்ப ஊருக்கே கப்பலேத்திருவாங்க," என்றாள் அவர் மனைவி வீரம்மா. "தேயில வெல விழுந்து கெடக்கு. ஆளக் கழிக்கச் சாக்குத் தேடுறாங்க. என்ன கேட்டாலும் கேக்குதுங்கன்னு சொல்லிப்புடுங்க!"

புருஷன் காதில் விழ வேண்டுமே என்று அவள் போட்ட சத்தத்தில், அந்த யோசனை லயத்து வீடுகள் முழுவதற்கும் இலவசமாகக் கிடைத்தது.

சோதிக்க வந்தவர், ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் டிஸ்பென்சர் முத்துலிங்கம். ஆட்கள் மரியாதைக்கு அவரை டாக்டர் ஐயா என்பார்கள். அவரும் மரியாதைக்கு மறுக்க மாட்டார். கோட்டுப் பைக்குள்ளிருந்து, தம் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரத்தைச் சங்கிலியோடு வெளியே எடுத்தார். டிக், டிக், டிக். வாசகர்களே, உங்களுக்கும் கேட்கிறதல்லவா? நல்லது.

முதலில் தம் காதிலேயே வைத்துப் பார்த்தார். கண்ணை மூடினார். "ஆகா! கோயில் மணிதான்!" என்றார்.

பிறகு ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, காதருகே கடிகாரத்தைப் பிடித்து, "கேக்குதா?" என்று அடுத்த தோட்டத்துக்கும் எட்டும்படி கேட்டார்.

"கேக்குதுங்க, ஐயா," என்றான் ஆண்டியப்பன்.

"நல்லாவே கேக்குதுங்க," என்றான் அடுத்தவன்.

அழகுமுத்து அதற்கும் மேலே போக வேண்டாமா? "ரெண்டு காதுலயும் கேக்குதுங்க!"

"நான் ஒரு காதிலதானே வச்சேன்?"

"அந்தக் காதுக்கும் எட்டுதுங்க. ஐயா கடியாரம் அப்பேர்ப்பட்டதுங்க."

செல்லசாமியின் முறை வந்தது. ஐயா போட்ட சத்தம் பிடரியில் மூச்சாக வந்து மோதியது. "ஓட்டம் சுத்தமா இருக்குங்க," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. "எண்ணெ போட்ட மெஷின் மாதிரி." ஐயா பூரித்துப்போனார்.

கடைசியில் மூக்கன். ரோலர் அறைக்குப் புதியவன். துரையின் மோட்டார் சைக்கிள் இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே கேட்டுச் சொல்கிறவன். அவன் காதை நம்பித்தான் ஃபாக்டரியே பீடி குடித்துக்கொண்டிருந்தது.

"கேக்குதா?"

"இல்லீங்களே."

"நல்லாக் கேளு!"

"நல்லாத்தான் கேக்குறேங்க. வெளிய கோழி கெளறுது. ஐயா வயிறு கொர்ருங்குது. கடியாரந்தான் ஒண்ணும் சொல்லல."

வரிசை கொல்லென்று சிரித்தது. "அடப் பாவி, எங்களுக்கெல்லாம் கேட்டுச்சேடா!" என்று அழகுமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "இந்த வயசுல செவிடாகிட்டியே!"

ஐயாவுக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. மூக்கனைச் சாய்த்துப் பிடித்துக் காதில் மருந்து விட்டார். "தொரைகிட்டச் சொல்லத்தான் வேணும்," என்றார்.

"பேர வெட்டிராதீங்க, ஐயா! பொண்ணு பேசியிருக்காங்க!" என்று கும்பிட்ட மூக்கன், திடுக்கென்று நிமிர்ந்தான். "தொரை வர்றாங்க." மருந்து வடிந்துகொண்டிருந்த காதோடு அவன் அப்படிச் சொன்னது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. எல்லோரும் பழக்கத்தில் பீடியைத் தேடி மறைத்தார்கள்.

துரை வந்தார். அவருக்குக் கிளப்பில் டென்னிஸ் இருந்தது. "மணி என்னா, டிஸ்பென்சர்?" என்றார்.

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். முந்தின நாள் நின்றுபோன முள், நின்ற இடத்திலேயே இருந்தது. புதுக் கோட்டுக்கு இஸ்திரி போடும் அவசரத்தில் சாவி கொடுக்க மறந்திருந்தார். அவர் முகம் வெளுத்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. முகம் பார்த்தே பிழைக்கும் செல்லசாமி கவனித்தார். பெருவிரல் மெதுவாகச் சாவியைத் திருகுவதையும் கவனித்தார். ஐயா நிமிர்ந்தபோது இருவர் கண்ணும் சந்தித்தன. ஓடாத கடிகாரத்தைக் கேட்டவர்கள் இரண்டு பேர், ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"எல்லாருக்கும் பிரமாதமான காது, சார். இவனுக்கு மட்டும் கொஞ்சம் அடைப்பு. மருந்து போட்டிருக்கேன்," என்று ஐயா மூக்கன் காதில் கடிகாரத்தை வைத்தார். "இப்போ?"

"இப்ப கேக்குதுங்க!" மூக்கன் துள்ளினான்.

துரைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "நாமே ஓர் ஆள் பாக்குது," என்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வரிசையின் பின்னால் போனார். நின்ற இடம் செல்லசாமிக்குப் பின்னால்.

துரை கத்துகிறவரல்ல. பிடரியில் மூச்சு மோதவில்லை. காதுக்குள் ரோலர் மட்டும் சுற்றியது. கேட்டுவிட்டாரா? இனிமேல்தான் கேட்பாரா? பொய்யை அவசரப்பட்டுச் சொன்னால் பேர் போகும்; தாமதித்துச் சொன்னாலும் பேர் போகும். எதிரே ஐயா நின்றார். இந்த மனிதன் அகப்பட்டால், இவனுக்குச் சான்று சொன்ன தாமும் அகப்படுவோம் என்று அவருக்குத் தெரியாதா? துரையின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்த ஐயா, இருமுவதுபோல் தலையை ஒரு முறை தாழ்த்தினார்.

"கேக்குதுங்க, தொரை!" என்றார் செல்லசாமி.

"வெரி குட்!" துரை டென்னிஸுக்குப் போனார். செவிட்டைக் குணமாக்கிய டாக்டர் என்று ஐயாவின் புகழ் மலைக்கு அப்பால் டயகம தோட்டம் வரைக்கும் போயிற்று. செல்லசாமியின் பேர் தப்பியது. மறுநாள் அதே ரோலர், அதே இடம். ஊரிலேயே நல்ல காது என்று துரை வாயால் பேரெடுத்தவரை, அங்கிருந்து இனி யார் மாற்றுவார்கள்? விஷயம் தெரிந்த வீரம்மா, "இனிமே நான் எதுக்குக் கத்தணும்?" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். அவர் தலையாட்டினார்.

இருக்கட்டும். ஐயா அந்தக் கடிகாரத்தைப் பையிலிருந்து எடுத்தபோது, டிக் டிக் என்று கேட்கிறதல்லவா என்று உங்களையும் ஒரு வார்த்தை கேட்டோமே. நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்? சத்தமாகச் சொல்ல வேண்டாம். வரிசையில் செல்லசாமிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.