மேனேஜர் வண்டியின் இடது விளக்கு

"ரெண்டுல ஒண்ணுதான் எரியுது," என்றாள் மனைவி, காருக்கு முன்னால் நின்றுகொண்டு.

"நல்லாப் பாரு."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? வலது பக்கம் எரியுது. இடது பக்கம் எரியல."

கணக்கர் இறங்கி வந்து தானும் குனிந்து பார்த்தார். கார் அவருடையதாக இருந்தால் பரவாயில்லை; அது மேனேஜருடையது. குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிய மேனேஜர், ஆபீசில் அத்தனை பேர் இருக்க, இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "உங்களை நம்பி விட்டுட்டுப் போறேன். தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க, போதும்," என்றார். ஆபீசில் உதவி மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. சாவி கைக்கு வந்ததுமே கணக்கர் அந்த நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டார்ட் பண்ணி வைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? அன்று சாயங்காலமே மனைவியை ஏற்றிக்கொண்டு மச்சினி வீடு வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட்டார். போட்ட இடத்தில் இந்தக் கதி.

"ஒரு பல்புதானேங்க. அவர் வந்ததும் சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? ஸ்டார்ட் பண்ணச் சொன்னா லைட்டை எதுக்குய்யா போட்டேன்னு கேட்பார். என் மச்சினி வீடு இருட்டா இருந்துச்சுன்னு சொல்லவா?"

"என் தங்கச்சியை எதுக்கு இழுக்கறீங்க? கார்ல போலாம்னு குதிச்சது நீங்க."

கணக்கர் விளக்கை அணைத்துவிட்டுக் கார் கதவைப் பூட்டினார்.

மறுநாள் பல்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்ன கலர்?" என்றார்.

"லைட் கலர்தான்."

"மஞ்சள் லைட்டா, வெள்ளை லைட்டா, நீலமடிக்கிற லைட்டா?"

கண்ணாடி அலமாரியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் மூவாயிரத்துச் சொச்சம், அடுத்ததில் ஆறாயிரம், மேல்தட்டில் எட்டாயிரம் என்று எண்கள். எண்ணைப் பார்த்ததும் கணக்கருக்குத் தெம்பு வந்தது. பிழைப்பே எண்களோடுதான். பெரிய எண் என்றால் பெரிய வெளிச்சம், இதற்கு ஒருவர் வந்து சொல்ல வேண்டுமா? இருந்தாலும் அகலக்கால் வைக்க வேண்டாமென்று ஆறாயிரத்தில் ஒன்றை வாங்கி மாட்டினார்.

விளக்கைப் போட்டதும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். வலது விளக்கு பழைய மஞ்சள். இடது விளக்கு பளீர் வெள்ளை.

"ஏங்க, ஒரு கண்ணுக்கு மட்டும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கு."

"சிரிக்காதே. அந்த மனுஷன் என் அறிக்கையில ஒரு காற்புள்ளி நகர்ந்தாக்கூடக் கூப்பிட்டுக் கேட்கிறவர்."

மறுபடி கடை. ஜோடியாக மாற்றிவிட்டால் வித்தியாசம் தெரியாது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், உள்ளதில் பெரிய எண்ணாகவே போடுவோம் என்று எட்டாயிரத்தில் இரண்டு வாங்கினார். கழற்றிய பழைய பல்புகளைக் கடைக்காரரே குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்.

அந்தி சாய்ந்ததும் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். விளக்கு இரண்டும் நீலமாக, அழகாகத்தான் இருந்தன. ஆனால் சாலைதான் தெரியவில்லை. முன்னால் குழி இருப்பதைச் சக்கரம் இறங்கித்தான் சொன்னது. கார் அடிபட்டதோ என்று தரையில் படுத்துத் தடவிப் பார்த்தார். கார் தப்பித்தது, அவர் சட்டை தப்பிக்கவில்லை.

"அது கெல்வின் சார்," என்றார் கடைக்காரர். "நிறத்தோட கணக்கு. ஏற ஏற நீலமாப் போகும். வெளிச்சத்துக்கு லூமென் பார்க்கணும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க பெரிய நம்பர் கேட்டீங்க. குடுத்தேன்."

"சரி, லூமென்ல பெரிசா குடுங்க."

இந்த முறை வந்த எல்.இ.டி. ஜோடி, எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி மாடி வரை வெளிச்சம் போட்டது. அந்த வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்து யார் படம் பிடிக்கிறது என்று கேட்டார். பெரிய சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத் திட்டினார்கள். கடைசியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கண்ணுக்குக் கையை மறைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தினார்.

"முதல்ல லைட்டை அணைங்க. வண்டி யாரோடது?"

"மேனேஜரோடது சார்."

"இந்த பல்பு போட்டது அவருக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாதுன்னுதான் சார் இவ்வளவும்."

சொன்ன பிறகுதான் கணக்கருக்கு உறைத்தது. காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றி வேர்வை, அழுக்குச் சட்டை, ஊரில் இல்லாத மேனேஜரின் கார்.

"அவர் நம்பரைச் சொல்லுங்க. பேசிப் பார்த்துடறேன்."

"ஐயோ வேண்டாம் சார்."

தேள் கொட்டிய திருடனைப் போல விழித்தபடி கணக்கர் ஆபீஸ் அடையாள அட்டை, வீட்டுச் சாவி, பல்பு வாங்கிய ரசீதுகள் என்று சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் எடுத்து நீட்டினார். உதவி மேனேஜர் நாற்காலி போகட்டும், இருக்கிற நாற்காலியாவது மிஞ்ச வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினார். ரசீதுகளைப் புரட்டிய காவலருக்கு என்ன தோன்றியதோ, குரல் இறங்கிவிட்டது.

"திருடறவன் இத்தனை பல்பு வாங்க மாட்டான். போய் சாதா மஞ்சள் பல்பையே போடுங்க சார்."

கணக்கர் அப்படியே செய்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. புது மஞ்சள், பழைய மஞ்சளைவிடக் கொஞ்சம் தெளிவாக இருப்பதாகப் பட்டது. மேனேஜர் வருகிற வரை சோறு இறங்கவில்லை.

மேனேஜர் ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தார். சாவியை வாங்கினார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக விளக்கைப் போட்டார். பிறகு இறங்கி முன்னால் வந்து, இடது விளக்கின் எதிரே குனிந்து நின்றார். கணக்கர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

மேனேஜர் நிமிர்ந்து அவர் தோளைத் தட்டினார். "உங்ககிட்ட விட்டது ரொம்ப நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு கணக்கர் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆபீசில் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து மேஜையில் தபால்களை அனுப்பும் கிளார்க்கிடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கி, ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் கண்ணிலேயே மண்ணைத் தூவிய பெருமையோடு முடித்தார்.

கிளார்க் உறைக்குப் பசை தடவிக்கொண்டே கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்கு வெறும் லைட்டுதானா? போன லீவுக்கு அவர், கார் பேட்டரி செத்தப்புறம்தான் சாவியை என் கையில குடுத்தார்."