செர்ரி மரத்தடியில் டிஷ்யூ வைத்தவள்

ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ளப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. கூட்டமான சாப்பாட்டுக் கடையில் காலியாக ஒரு மேசையைக் காட்டினால் போதும். சிங்கப்பூர்க்காரராக இருந்தால் அவர் கை தானாகப் பைக்குள் போகும், ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைக்கும். பிறகு அவர் பாட்டுக்குச் சாப்பாடு வாங்க வரிசையில் போய் நின்றுகொள்வார். திரும்பி வரும்வரை மேசை அவருடையது. நாங்கள் இதைச் 'சோப்' பண்ணுவது என்போம். (குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.)

நான் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவள். பேச்சு வருவதற்கு முன்பே எனக்கு டிஷ்யூ வைக்க வந்துவிட்டது என்று அம்மா பெருமையாகச் சொல்வார். தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிக் கடை முன்னால் மனிதத் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாத நேரத்தில், எங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் திருப்பலிக்குத் தேவாலயத்தில் ஒரு வரிசை முழுக்க டிஷ்யூ வைத்துப் பங்குத் தந்தையிடம் திட்டு வாங்கியதும் நான்தான். (திட்டு கிடைத்தது, இடமும் கிடைத்தது.) இந்தத் திறமை கடல் கடந்தால் செல்லாது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

கல்யாணமான மறுவருடம் என் கணவர் ஜெரால்டுக்கு ஜப்பானில் வேலை கிடைத்தது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர், இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை. அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். நான் வீட்டில் குப்பையோடு போராடுவேன். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் குப்பை என்றால் சுவரில் இருக்கும் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினால் தீர்ந்தது. அங்கே எரியும் குப்பைக்கு ஒரு நாள், எரியாத குப்பைக்கு ஒரு நாள், போத்தலுக்கு ஒரு நாள், போத்தலின் மூடிக்கு வேறொரு நாள். நான் வெளியே வைத்த பையைப் பக்கத்து வீட்டு அம்மாள் மிக மரியாதையாகத் தூக்கிவந்து என் வாசலிலேயே திரும்ப வைப்பார். குனிந்து வணங்கிவிட்டும் போவார். அந்த வணக்கத்தைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

வாரம் ஒருநாள் நகர மன்றத்தில் வெளிநாட்டவர்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தந்தார்கள். அங்கேயும் நான் சுமார்தான். ஒரே ஒரு பாடம் மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருவர் ரயிலில் குடையை விட்டுவிடுகிறார். என்ன நிறம், எங்கே விட்டீர்கள், எப்போது விட்டீர்கள் என்று நிலைய அதிகாரி கேட்கிறார். கறுப்பு, மூன்றாவது பெட்டி, இன்று காலை. அந்தப் பாடத்தை உபயோகப்படுத்துவதற்காகவே ஒரு குடையைத் தொலைத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

வசந்தகாலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெரால்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் மதியம் அவர் பிரிவில் எல்லோரும் ஆற்றங்கரைப் பூங்காவில் செர்ரிப் பூக்களுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள். நல்ல மரமாகப் பார்த்து, காலையிலேயே போய் இடம் பிடித்து வைப்பது யார் வேலை என்றால், கடைசியாகச் சேர்ந்தவர் வேலை. அதுதான் அங்கே வழக்கம். கடைசியாகச் சேர்ந்தவர் இவர்தான். ஆனால் இவர் பார்க்கிற இயந்திரம் அன்று பார்த்துப் படுத்துவிட்டது. காலையில் தொழிற்சாலைக்குப் போயே ஆகவேண்டும்.

விஷயம் வெறும் பூ பார்ப்பதல்ல. ஜெரால்டு அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தார். அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதை அவருடைய மேலாளர் மோரிதா சான் அந்த மாதம்தான் முடிவு செய்ய இருந்தார். மோரிதா சான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு சின்ன வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதை எப்படிச் செய்கிறார் என்று பேசாமல் பார்ப்பாராம். வேலை உறுதியாகவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு தோ பாயோவுக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் மாலை போடாத குறையாக வழியனுப்பிய அத்தனை சொந்தங்களும் "என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்பார்கள்.

"ஸ்டெல்லா, ப்ளீஸ். இந்த நீல ஷீட்ட விரிச்சு அது மேல உக்காந்துக்கோ. நாங்க வர்ற வரைக்கும் எழுந்திரிக்காத" என்றார் ஜெரால்டு.

"காலைல இருந்து தனியா உக்காந்திருக்கணுமா? டிஷ்யூ வச்சா போதும் லா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். வாழ்க்கையில் நான் அவ்வளவு சீரியஸாக எதையும் சொன்னதே கிடையாது.

சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிப் போய்ப் பூங்காவிலேயே அழகான மரத்தைப் பிடித்தேன். கிளைகள் குடை மாதிரி கவிந்திருந்தன, ஆறும் தெரிந்தது. சுற்றிலும் மற்ற மரங்களின் கீழே நீல ஷீட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு இளைஞர் கோட்டைப் போர்த்திக்கொண்டு குளிரில் சுருண்டு படுத்திருந்தார். ஒவ்வொருவரும் அவரவர் அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு முன்னேறிய நாட்டில் டிஷ்யூவின் அருமை தெரியவில்லையே என்று உச்சுக்கொட்டினேன்.

ஷீட்டை விரிக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அது புத்தம்புதுசு. விரித்துவிட்டுப் போனால் யாராவது சுருட்டிக்கொண்டு போய்விட்டால்? டிஷ்யூவை யார் எடுக்கப்போகிறார்கள்? (என் மூளை அன்று இப்படித்தான் வேலை செய்தது.) ஷீட்டைச் சைக்கிள் கூடையிலேயே விட்டேன்.

டிஷ்யூவுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஊர் ரயில் நிலைய வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டு, விளம்பரம் ஒட்டிய டிஷ்யூ பொட்டலங்களை இலவசமாகக் கொடுப்பாள். இலவசம் என்றால் நான் விடுவேனா? ஒரு இழுப்பறை நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் ஏதோ மருத்துவமனையின் விளம்பரம். மரத்தடியில் ஆளுக்கொரு பொட்டலம் என்று வட்டமாக அடுக்கினேன். மேலாளருக்கு ஆறு தெரிகிற இடத்தில் மரியாதைக்காக இரண்டு வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அப்புறம் கை வீசிக்கொண்டு ஆற்றோரத்துக் கடைகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆக்டோபஸ் உருண்டை தின்றேன். கடைக்காரரோடு வானிலை பற்றி ஜப்பானிய மொழியில் பேசினேன். ஆறு நல்ல ஆறு என்றேன், அவரும் ஒப்புக்கொண்டார். நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மரம் இருந்தது. பூ இருந்தது. டிஷ்யூ இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய ஷீட்டை விரித்து ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், மூக்கு சப்பையான ஒரு நாய்.

"டிஷ்யூ?" என்றேன்.

அந்த அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று, யாரோ பாவம் டிஷ்யூக்களைத் தவறவிட்டுப் போயிருந்தார்கள், தானும் குழந்தைகளுமாக ஒன்று விடாமல் பொறுக்கி, பூங்கா வாசலிலுள்ள காவல் சாவடியில் பத்திரமாக ஒப்படைத்துவிட்டதாகச் சைகையோடு விளக்கினார். குழந்தைகள் இருவரும் நல்ல காரியம் செய்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? இது என் இடம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அவசரத்தில் எனக்குத் தடுமாறாமல் வந்த ஒரே ஜப்பானிய வார்த்தை நன்றி. அதைச் சொல்லி, குனிந்து வணங்கியும் தொலைத்தேன்.

டிஷ்யூவை மீட்டு வந்தால் இடம் என்னுடையது என்று நிரூபித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் காவல் சாவடிக்கு ஓடினேன். இளம் போலீஸ்காரர் ஒருவர் என் டிஷ்யூக்களை ஒரு பையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். என்ன நிறம் என்று கேட்டார். எங்கே, எப்போது என்று கேட்டார். நான் காத்திருந்த பாடம்! வெள்ளை, பெரிய மரத்தின் கீழே, இன்று காலை. நூற்றுக்கு நூறு. அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவு டிஷ்யூ எதற்கு என்று அவர் பாடத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார்.

நடித்துக் காட்டினேன். மேசைமேல் டிஷ்யூ வைத்தேன். எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்து டிஷ்யூவைச் சுட்டிக் காட்டிவிட்டு, உட்கார்ந்து, சாப்பிடுவது போல வாயை அசைத்தேன். அவர் புரியாமல் பார்த்ததால் இன்னொரு முறை செய்தேன். அவர் மெதுவாக எழுந்து எனக்குச் சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு உடன் வந்தவர்களிடம் என்னைச் சேர்க்காமல் விடுவதில்லை என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இப்படியாக ஒரு பக்கம் போலீஸ்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வர, நான் தலையைக் குனிந்துகொண்டு மரத்தடிக்கு நடந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து மோரிதா சான் முன்னே வர, பின்னால் பீர் பெட்டியும் சாப்பாட்டுப் பைகளுமாக மொத்தப் பிரிவும் வந்தது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜெரால்டு மட்டும் பக்கத்தில் வந்து, தமிழில், உதடு அசையாமல் கேட்டார்.

"யாரை அடிச்ச?"

அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

போலீஸ்காரர் நடந்ததை, என் நடிப்பையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக மோரிதா சானுக்கு விளக்கினார். அதைக் கேட்டு அந்தக் குடும்பத்து அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் வெளுத்து ஓடிவந்து குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடியே நின்றோம். பின்னால் அவர் மனைவி சாப்பாட்டை மூடி, ஷீட்டைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். குழந்தைகளில் சின்னது அழ ஆரம்பித்தது. எனக்கும் அழுகை வந்தது, பக்கத்திலேயே பை நிறைய டிஷ்யூ இருந்தும் அதைத் தொட மனம் வரவில்லை.

ஜெரால்டு தட்டுத் தடுமாறி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லி முடித்தார். மோரிதா சான் ஒரு பொட்டலத்தை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, முடி வளர்க்கும் விளம்பரத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தார். அவர் தலையில் வெயில் பளபளத்தது. மொத்தப் பிரிவும் தத்தம் காலணியை ஆராய்ந்தது. நான் மனத்துக்குள் பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குப் புரிய வேண்டும் என்று மோரிதா சான் மெதுவாகக் கேட்டார். சிங்கப்பூரில் இதை யாரும் எடுக்க மாட்டார்களா?

மாட்டார்கள் என்றேன்.

போலீஸ்?

போலீஸும் வைப்பார்கள் என்றேன்.

மோரிதா சான் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு அந்தக் குடும்பத்தை எழுந்திருக்க விடவில்லை. அவர்கள் ஷீட்டோடு எங்கள் ஷீட்டையும் சேர்த்து விரித்து, இடித்துப் பிடித்து எல்லோரும் ஒன்றாகவே சாப்பிட்டோம். போலீஸ்காரர் வேலை நேரம் என்று பீரை மறுத்துவிட்டு, ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் ஜெரால்டுக்கு வேலை உறுதியானது. பழுதான இயந்திரத்தைச் சரிசெய்ததால்தான் என்கிறார் அவர். சொல்லிக்கொள்ளட்டும்.

அடுத்தடுத்த வசந்தங்களில், இடம் பிடிப்பது நான்தான் என்று மோரிதா சான் உத்தரவே போட்டுவிட்டார். விடியற்காலையிலிருந்து ஷீட்டின் நட்ட நடுவில் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு, மோரிதா சான் வேலை விஷயமாக ஒருமுறை இங்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்காவுக்கு அழைத்துப் போனோம். வழக்கம்போல நெரிசல். மேசைக்கு மேசை டிஷ்யூ இருப்பதை அவர் கோயில் சுற்றுவதுபோலச் சுற்றிவந்து படம் எடுத்தார். கடைசியில் ஒரு மேசை காலியானது. பாய்ந்து போய் டிஷ்யூ வைத்தேன். வாருங்கள், பிரியாணி வாங்கலாம் என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை. டிஷ்யூவுக்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் போய் வாருங்கள். இங்கே நான்தான் புது ஆள்" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் குடும்பச் சட்டமாகிவிட்டது. தேக்காவில் புது ஆள்தான் இடத்தைக் காக்க வேண்டும். போன மாதம் என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிற டேனியல் முதல்முறையாக எங்களோடு சாப்பிட வந்தார். சிங்கப்பூரிலேயே ஆங் மோ கியோவில் வளர்ந்த பையன், நல்ல பையன். காலி மேசையில் உட்காரவைத்து, நாங்கள் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னோம். பாவம், அவருக்குக் கதை தெரியாது.

"எதுக்குக்கா உக்காரணும்? டிஷ்யூ வச்சா போதும் லா" என்றார்.

ஜெரால்டு என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். தங்கை அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பிரியாணி வரிசையில் போய் நின்றுகொண்டேன்.