ஏழ்கோட்டையாளுக்குப் பட்டம் சூட்டிய படலம்

பிழைகளின் பகைவனை, ஒற்றெழுத்துகளின் காவலனை, சிவப்பு மைப் பேனாவே வாளாக, சக்கர நாற்காலியே தேராக, இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் எழுதிய வரிகளில் களம் கண்டு காற்புள்ளிகளைக் கொய்து குவித்த தீரனை, வார இதழ் அலுவலகம் முழுவதும் 'ஒற்றுப்புலி' என்று அஞ்சி ஏத்திய மெய்ப்புத் திருத்துவோனைப் பாடப் புகுந்தோம். சொற்களின் தாயே, எங்கள் நா குழறாமல் காத்தருள்!

அந்தப் புலி ஒளித்து ஒளித்து எழுதிய முதல் தொடர்கதை அச்சேறும் நாள் அது. ஏழு கோட்டைகளை மீட்டு, எழுபது சிற்றரசரை மண்கவ்வ வைத்து, எதிர்வந்த யானைப்படைக்கும் இமை கொட்டாத அக்கதைத் தலைவிக்கு, இருபத்தெட்டுப் பக்கம் கடந்தும் ஒரு பட்டம் வாய்க்கவில்லை. வெறும் 'அவள்' என்றே வாளெடுத்துத் திரிந்தாள். வீட்டிலும் ஒருத்தி பத்தொன்பது ஆண்டுகளாக 'இந்தா' என்றே அழைக்கப்பட்டு வந்தாள். மனைவியைப் பார்த்துத்தான் இந்த வீராங்கனையை எழுதினான் என்பதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை, அத்தனை வெட்கம். நேரில் சூட்டத் துணியாத மகுடத்தை இதழின் அட்டையில் அச்சடித்தாவது அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஏங்கினான்.

மணி மூன்று. ஆசிரியரம்மாளின் அறைக்கதவு கோட்டை வாயிலெனத் திறக்க, திசையெட்டும் அதிர எழுந்தது பிரகடனம்:

"நாலு மணிக்கு அட்டை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள உங்க ராணிக்கு ஒரு பட்டம் வரலன்னா அந்த இடத்துல பல்பொடி விளம்பரம்தான். கதையை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்!"

புலி சிலிர்த்தது. முதலில் களம் புகுந்த 'கோமகள்' என்னும் தொன்மொழியை அவன் உரக்க முழங்க, தொலைபேசி மேசைப் பெண் பதறி, "கோமாவா? யாருக்கு சார்?" என்று எழுந்து நின்றதில் அது அங்கேயே உயிர்விட்டது. அடுத்து வந்த 'பெருமாட்டி'யைப் பக்க வடிவமைப்பாளர், "பெருசா மாட்டினது யாரு சார்?" என்னும் ஒரே அம்பில் சாய்த்தார். அரசனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பெறும் 'பட்டத்தரசி' இவளுக்கு எதற்கென்று அவனே வெட்டி எறிந்தான். எஞ்சி நின்ற 'மாதேவி' மாட்சிமை மிக்கதுதான். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அதைக் குதிரைக்கு வைத்தாயிற்று.

மூன்று ஐம்பதுக்கு, பிணக்குவியலைப் பிளந்துகொண்டு எழுந்தது அப்பெரும்பெயர்: 'ஏழ்கோட்டைப் பேரரசி'! வடிவமைப்பாளரை எழுப்பிவிட்டு அவர் இருக்கையில் தானே அமர்ந்து, அட்டைப் பக்கத்தில் அதைத் தட்டச்சத் தொடங்கினான். பாதி வழியில் கைபேசி முரசறைந்தது. மறுமுனையில் மனைவி.

"அரிசி சுத்தமா தீர்ந்துபோச்சு. வரும்போது மறக்காம வாங்கிட்டு வாங்க."

"அரிசிதானே? சரி, அரிசி," என்றது அவன் வாய்; வாய் சொன்னதை விரல்களும் கேட்டன.

அப்பால் அவன் புரிந்தது ஒற்றைப் போர்: ஏழ்கோட்டைக்குப் பின் 'ப்' மிகுமா, மிகாதா? இலக்கண நூலைப் புரட்டினான், மிகும் என்றான், ஐயுற்றான், மீண்டும் மிகும் என்றான். அந்தப் 'ப்' மீது மூன்று முறை விரல் வைத்துப் பார்த்து, மூன்று ஐம்பத்தொன்பதுக்குக் கையெழுத்திட்டான். புலி கையெழுத்திட்ட தாளை மறுபடி படிப்பது அவமரியாதை என்பது அவ்வலுவலகத்தின் மரபு. ஆகவே ஒருவரும் படிக்கவில்லை; பத்தாயிரம் அட்டைகள் அச்சாகின.

மாலையில், மை மணக்கும் முதல் அட்டையை மார்போடு அணைத்தபடி, கடைத்தெருவைத் திரும்பியும் பாராது, வெற்றித்தேர் போல் வீடு சேர்ந்தான் தலைவன். நெஞ்சில் ஆயிரம் சொல் முட்டி மோத, வாயில் வந்தது ஒன்றுதான்: "இந்தா."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தாள்: "ஏழ்கோட்டைப் பேரரிசி."

பிறகு அவனுடைய வெறுங்கைகளைப் பார்த்தாள்.

அவன் அரிசி வாங்க மறந்துவிட்டான்.