சத்தமே வராத இன்ஜின்

கலைவாணன் சாவியைத் திருப்பினார். அம்பாசிடர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி திருப்பினார். டக் என்றுகூடச் சத்தம் இல்லை.

அன்று சாயங்காலம் சிந்துஜாவுக்குப் பெண்ணழைப்பு. தாய்மாமன் வண்டியில்தான் பெண் மண்டபத்துக்குப் போகணும் என்பது கலைவாணன் கட்சி. தன் ஃபியட்டில்தான் போகணும் என்பது சித்தப்பா பிரேம்குமார் கட்சி. இழுவைக்கு அம்பாசிடரா, மைலேஜுக்கு ஃபியட்டா என்று இருவரும் பல வருடமாக மோதிக்கொண்டிருந்தார்கள். தன் வண்டி ஒரே திருப்பில் கிளம்பும், பராமரிப்புச் செலவே வைக்காது என்று இரண்டு பேருமே சொல்லுவார்கள்.

கேட்டுக் கேட்டுச் சலித்த சிந்துஜா, "எந்த வண்டி மொதல்ல வாசலுக்கு வருதோ அதுல ஏறிக்கிறேன். ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு வண்டிகளும் நிற்பது கடலோர வைத்திக்குப்பத்தில், மெக்கானிக் கண்ணையன் ஷெட்டு வாசலில். கண்ணையனைக் காணோம். பட்டு வேட்டியும் அவசரமுமாக வந்த பிரேம்குமார், முன்னால் நின்ற ஃபியட்டில் ஏறினார். ஏறியவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சா மச்சான்?" என்று ஜன்னல் வழியே கேட்டார்.

"ஆயி ரொம்ப நேரமாச்சு. நம்ம இன்ஜின் சத்தமே வராது."

"என்னுதும் அப்படித்தான்."

"அப்ப கெளம்பு."

"பெரியவரு, நீங்க மொதல்ல போங்க."

இருவரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்தால் மானம் போய்விடும்.

கலைவாணன், வலை உலர்த்திக்கொண்டிருந்த நான்கு பேரைக் கண்ணாலேயே கூப்பிட்டார். "லேசா தள்ளுங்கப்பா. சும்மா, டயருக்கு நல்லது."

அவர்கள் லேசாகத் தள்ளுகிறவர்கள் இல்லை. படகு தள்ளிப் பழகியவர்கள். அம்பாசிடர் பாய்ந்தது. கலைவாணன் ஹாரனை அமுக்கினார்; அதுவும் வாயைத் திறக்கவில்லை. ஃபியட்டின் முதுகில் போய் இடித்ததில் பம்பரும் பம்பரும் கோத்துக்கொண்டன. தெருச் சரிவில் இரண்டும் ஒன்றாக இறங்கி, மணலில் புதைந்து, இரண்டு படகுகளுக்கு நடுவே நின்றன.

போன் அடித்தது. சிந்துஜா.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"வந்துக்கினே இருக்கேம்மா."

"என்ன, அலைச் சத்தம் கேக்குது?"

"இன்ஜின்மா. நல்லா ஓடுது."

"நான் ஆட்டோ புடிச்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் சாப்பாட்டுக்காவது வந்து சேருங்க."

கலைவாணன் இறங்கினார். செருப்புக்குள் மணல் ஏறியது. "உன் டப்பா குறுக்க நிக்கலன்னா இந்நேரம் போயிருப்பேன்!"

"என் வண்டியப் பத்திப் பேசாதீங்க மச்சான். போன வாரம்கூட ஒரே திருப்புல கெளம்புச்சு!"

"அதுக்கு முந்தின வாரம் என்னுது கெளம்பல?"

அப்போது, மொபெட்டில் கால்களுக்கு நடுவே கனமாக எதையோ வைத்துக்கொண்டு கண்ணையன் வந்து நின்றான். மணலில் கிடந்த இரண்டு வண்டிகளையும் பார்த்தான். இரண்டு பேரையும் பார்த்தான்.

"என்னா சார் நீங்க, ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து நின்னா நான் எங்க போவேன்? ரெண்டு வருஷமா ரெண்டு வண்டிக்கும் இந்த ஒரு பேட்டரியத்தான மாத்தி மாத்திப் போட்டுக்கினு இருக்கேன்!"