மொட்டுக்கு நேரே விரல் நீட்டாதே

பிரிக்பீல்ட்ஸில் துரைமாருக்குப் பயப்படாத தமிழன் ஒருவர்தான். அவர் ரயில் கேட்டுக்காரர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ‘பூக்கேட்டு’ என்போம்.

கேட்டுத் தூணில் சங்குப்பூக் கொடி ஏற்றியிருந்தார். விடிந்ததும் குந்தியிருந்து மொட்டு விரிவதைப் பார்ப்பார். அதுதான் அவருக்குப் பசியாறல். மழை வந்தால் குடை கொடிக்கு. அவர் நனைவார். மொட்டுக்கு நேரே யாரும் விரல் நீட்டக்கூடாது. நீட்டினால் கருகிவிடுமாம். ஒருமுறை எஞ்சின் டிரைவர் ஓடுகிற வண்டியிலிருந்து கைகாட்டிவிட்டார். பூக்கேட்டு கைவிளக்கைத் தூக்கிக்கொண்டு ரயிலையே துரத்தினார்.

நான் அப்போது செங்கல் ஏற்றி மாட்டுவண்டி ஓட்டினேன். சித்திரை மாதம். ஒருநாள் காலையில் ரயில் போய்விட்டது. கேட்டு திறக்கவில்லை.

“அண்ணே, திறங்க. ரயிலு போயிருச்சு.”

“ராத்திரி கொடி வந்து கேட்டைப் பிடிச்சிருக்குப்பா. அதுல ஒரு மொட்டு. விரியட்டும். பிரிச்சுக் கட்டிட்டுத் திறக்கிறேன்.”

“இப்பவே பிரிச்சுக் கட்டுங்களேன்.”

“தூங்குற புள்ளைய எழுப்புவியா நீ?”

பின்னால் கார் ஹாரன் அடித்தது. ரயில்வே துரை. மாடு மிரண்டது. நானும்தான்.

துரை இறங்கி வந்தார். “அப்பா இத்து?” என்றார். என்ன அது என்று மலாயில் கேட்டபடி மொட்டைப் பார்த்து விரலை நீட்டினார்.

பூக்கேட்டு அந்த விரலைப் பிடித்தார். மடக்கினார். கையைக் கீழே இறக்கிவிட்டார்.

துரை மேல் கை வைப்பதா! காய்கறி விற்கும் சீனர் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார். துரைக்குத் திறந்த வாய் மூடவில்லை.

“துங்கு, துவான்,” என்றார் பூக்கேட்டு. பொறுங்கள் ஐயா என்று.

துரை பொறுத்தார். அது இன்னொரு அதிர்ச்சி. சுருண்டிருந்த இதழ் மெல்லப் பிரிந்தது. நீலம் தெரிந்தது. நடுவில் வெள்ளை. மாடுகூட அசையவில்லை. அப்புறம்தான் பூக்கேட்டு கொடியைப் பிரித்துத் தூணில் கட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தார். துரை காரில் ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் பூக்கேட்டுக்கு வேலை போய்விட்டது. நான் செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பும்போது துணிமூட்டையோடு நின்றார்.

“கிள்ளானுக்குப் போறேன்பா.”

“ஒரு பூவுக்காகப் பொழப்பைக் கெடுத்துக்கிட்டீங்களேண்ணே!”

“விரிஞ்சுதுல்ல?” என்றார். “மேல இன்னொரு மொட்டு இருக்கு. நாளைக்கு விரியும். பாத்துக்க.”

மறுநாள் புதுக் கேட்டுக்காரன் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தான். நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். பின்னால் வந்த வண்டிக்காரன் கத்தினான்.

“கேட்டு திறந்துதானே கிடக்கு? அங்க என்னத்தைப் பாக்குற?”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தாடையால் காட்டினேன்.